இன்று நன்றாக இருந்தாள்

சின்னவளின் பையிலிருந்து எடுத்த ஸ்பூன் காய்ந்திருந்தது. காலையில் நான் சுற்றி வைத்த டிஷ்யூ தாள் மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தது. ஆனால் சாப்பாட்டு டப்பா காலி. சமையலறை மேடையில் சாய்ந்து நின்றபடி தொடர்பு நோட்டைத் திறந்தேன். பள்ளியில் அன்றன்று நடந்ததை வகுப்பாசிரியை எழுதி வீட்டுக்கு அனுப்பும் நோட்டு அது. ‘இன்று நன்றாக இருந்தாள். மதிய உணவு முழுவதும் சாப்பிட்டாள்.’ முந்தைய நாளும் அதே. அதற்கு முந்தைய நாளும் அதே. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பின்னோக்கிப் புரட்டினேன். அறுபத்திரண்டு வேலை நாட்கள். அறுபத்திரண்டு முறை அதே இரண்டு வரிகள். ‘சாப்பிட்டாள்’ என்பதன் கடைசிப் புள்ளிகூட ஒவ்வொரு நாளும் எழுத்தைவிட்டு வலப்பக்கமாக ஒரே அளவு விலகியிருந்தது.

பதினெட்டு வருடம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவளாக இருந்தேன். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருப்பார்களே, பொடி எழுத்தில் ஒரு தாள், யாரும் படிக்காமல் கசக்கிப் போடுவது, அதைப் படிப்பதுதான் என் வேலை. ஒரு புள்ளி இடம் மாறினால் கால் மாத்திரை இரண்டரை மாத்திரை ஆகிவிடும். எழுத்தை நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். மனிதர்கள் ஒரே வாக்கியத்தை அறுபத்திரண்டு முறை எழுதுகிறார்கள் என்றால் ஒன்று அது உண்மையாக இருக்க வேண்டும், அல்லது எழுதுகிறவர் அதைப் படிப்பதில்லை. உண்மை அவ்வளவு மாறாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

சின்னவளுக்கு அப்போது பத்து வயது. அழுவாள், சிரிப்பாள், மின்விசிறி சுற்றும் சத்தத்துக்குச் சுதி சேர்த்து முனகுவாள். வார்த்தை மட்டும் கிடையாது. ‘ஸ்கூல்ல என்னடா நடந்துச்சு’ என்று கேட்டால் தன் சட்டைப் பித்தானைப் பிடித்துத் திருகுவாள். காலை ஒன்பதிலிருந்து மூன்றரை மணி வரை என் மகள் வாழ்ந்த வாழ்க்கைக்கு அந்த இரண்டு வரிகளைத் தவிர வேறு சாட்சி இல்லை. அன்று அவளுடைய இடது கால் உறை உட்புறம் வெளியே வந்து மாட்டப்பட்டிருந்தது. அப்படியென்றால் யாரோ கழற்றியிருக்கிறார்கள். வலது மணிக்கட்டில் வளையம் போல மெல்லிய சிவப்புத் தடம் ஒன்று இருந்தது.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். வந்ததும் வராததுமாக அவரிடம் அந்தக் கையைக் காட்டினேன்.

“ரப்பர் பேண்ட் ஏதாவது போட்டு விளையாடியிருப்பா. விடும்மா.”

“கேபிள்ல கீறல் இருந்தா இப்படித்தான் விட்டுட்டு வருவீங்களா?”

“கேபிள் வாய் தெறந்து சொல்லாது.”

“இவளும்தான் சொல்ல மாட்டா.”

அவர் குழந்தையின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். அவருக்கு யார்மீதும் சந்தேகம் வராது. அந்தக் குணத்துக்காகத்தான் அவரைப் பிடித்தது. அதே குணத்துக்காகத்தான் அந்த வாரம் முழுவதும் அவரோடு சரியாகப் பேசவில்லை.

மறுநாள் பள்ளிக் கதவருகே வகுப்பாசிரியையைப் பிடித்தேன். ஐம்பதை நெருங்கும் பெண்மணி. இடுப்பில் ஒரு பெரிய சாவிக்கொத்து தொங்கும். அவர் வருவதற்கு முன்பே அதன் சத்தம் வந்துவிடும். ஒரு வகுப்பறைக்கு எதற்கு இத்தனை பூட்டு என்பது ஏற்கெனவே எனக்குள் இருந்த கேள்வி. மனதுக்குள் அவருக்குச் சாவிக்கொத்து என்றே பெயர் வைத்திருந்தேன்.

“நல்லாத்தான் இருக்காம்மா. நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க.”

“ஒரே ஒரு நாள் கிளாஸ்ல பின்னாடி உக்காந்து பாத்துக்கலாமா டீச்சர்? ஒரு வார்த்தை பேச மாட்டேன்.”

“பெத்தவங்க உள்ள வந்தா பிள்ளைங்க கலைஞ்சு போயிடும். அந்த வழக்கம் இல்ல.”

“வேற யாருமே உள்ள வர்றதில்லையா?”

“ட்ரெய்னிங்குக்கு வர்றவங்க வருவாங்க. காலேஜ்ல இருந்து.” சொல்லிவிட்டு அவர் சாவிக்கொத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

அப்படித்தான் நாற்பத்து மூன்று வயதில் நான் கல்லூரிக்குப் போனேன். சிறப்புக் கல்வி ஆசிரியர் பயிற்சி, இரண்டு வருடப் படிப்பு. ‘இந்தத் துறையை நீங்கள் ஏன் தேர்ந்தெடுக்கிறீர்கள்?’ என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருந்தது. சேவை மனப்பான்மை, தாய்மை தந்த அனுபவம், சமூகத்துக்குத் திருப்பித் தருதல் என்றெல்லாம் எழுதினேன். அந்தப் பத்தியில் எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. உண்மையும் இல்லை. வீட்டிலும் அதையேதான் சொன்னேன். வீட்டுக்காரர் நெகிழ்ந்து போய்ப் புதுப் பேனா வாங்கி வந்தார். பத்தொன்பது வயதான பெரியவள் மட்டும் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நீ யாரையோ புடிக்கப் போறம்மா,” என்றாள்.

முதல் நாள் கல்லூரி வாசலில் காவலாளி என்னை நிறுத்தி, பெற்றோர் காத்திருக்கும் அறை இடது பக்கம் என்றார். படிக்க வந்திருக்கிறேன் என்றேன். அடையாள அட்டையை வாங்கி, புகைப்படத்தையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். வகுப்பில் இருந்தவர்கள் எல்லோருக்கும் என் பெரியவளின் வயது. நான் நிர்வாகம் அனுப்பிய ஆள் என்று முதல் இரண்டு வாரம் அவர்கள் நினைத்திருந்தார்கள். நான் நுழைந்ததும் பேச்சு நின்றுவிடும். எனக்கு அது ஒன்றும் வருத்தமாக இல்லை. ஒற்றர் என்று அவர்கள் சரியாகத்தான் கண்டுபிடித்திருந்தார்கள், யாரை ஒற்றறிகிறேன் என்பதில்தான் தவறு.

குழந்தைகளைக் கவனித்துப் பதிவு செய்யும் பாடத்தை நடத்தியவர் ஓய்வுபெறும் வயதில் இருந்த பேராசிரியை. எதைச் சொன்னாலும் ‘எத்தனை தடவை?’ என்று கேட்பார். அதுவே அவருக்குப் பட்டப்பெயராகவும் ஆகிவிட்டது. முதல் வகுப்பில் ஒன்றும் பேசாமல் வந்தார், மேசைமேல் இருந்த ஒரு தாளை எடுத்து நான்காகக் கிழித்தார், வெளியே போனார், திரும்பி வந்தார். பார்த்ததை எழுதச் சொன்னார். என் தாளை எடுத்து வகுப்புக்கே கேட்கும்படி படித்தார். “பேராசிரியர் கோபமாக ஒரு தாளைக் கிழித்தார்.” பிறகு என்னைப் பார்த்தார்.

“கோபத்த எங்க பாத்தீங்க?”

“முகத்துல, மேடம்.”

“முகத்துல என்ன இருந்துச்சு?”

“உதட்ட இறுக்கி மூடியிருந்தீங்க.”

“எனக்கு ரெண்டு நாளா பல்வலி.”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் காது சூடாகிவிட்டது. பதினெட்டு வருடம் இன்னொருவர் எழுதியதில் பிழை பார்த்தவள், நான் எழுதிய ஐந்து சொல்லில் ஒரு பிழையைப் பார்க்காமல் விட்டிருந்தேன். “கண்ணால பாத்தத மட்டும் எழுதுங்க,” என்றார் அவர். “மனசு சொன்னத வீட்டுக்குப் போயி டைரில எழுதிக்கோங்க.” அன்றே ஒரு சின்ன நோட்டு வாங்கினேன். டைரிக்காக அல்ல. சாவிக்கொத்துக்காக.

இரண்டாம் வருடம் பள்ளிப் பயிற்சி. எந்தப் பள்ளி வேண்டும் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னபோது ஒரே ஒரு பெயரைத்தான் எழுதினேன். பேராசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“இந்தப் பள்ளிக்கூடம் எதுக்கு?”

“வீட்டுக்குப் பக்கம், மேடம்.”

“உங்க பொண்ணு அங்கதானே படிக்கிறா?”

“ஆமா.”

“குழந்தையப் பாக்கப் போறீங்களா, குழந்தைங்களப் பாக்கப் போறீங்களா?”

“குழந்தைங்கள.”

அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை, உதட்டைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

சொந்தப் பிள்ளை இருக்கும் வகுப்பில் பயிற்சி தரமாட்டார்கள். அதனால் அடுத்த வகுப்பில் போட்டார்கள். இரண்டு வகுப்புக்கும் நடுவில் ஒரு மரக்கதவு, அதில் உள்ளங்கை அளவுக் கண்ணாடி. அந்தப் பக்கமிருந்து கண்ணாடியின் கீழ்ப்பாதியில் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தார்கள். ஏன் ஒட்டினார்கள் என்று முதல் நாளே நோட்டில் எழுதினேன். குதிகாலை உயர்த்தினால் மேல்பாதி வழியாகத் தெரியும். தண்ணீர் குடிக்க, சாக்பீஸ் கேட்க, நாற்காலி மாற்ற என்று ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை அந்தக் கதவருகே போவேன். சின்ன நோட்டில் நேரம் போட்டு எழுதுவேன். ‘10.40. கதவு சாத்தப்பட்டது. அழுகைச் சத்தம். நம்முடையவள் அல்ல.’ ‘11.15. நம்முடையவள் வெறுங்காலோடு தரையில்.’ ‘1.30. சாவிக்கொத்து அலமாரியைப் பூட்டினார். இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.’

பூட்டுகளுக்கான காரணம் ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது. அந்த வகுப்பில் ஒரு குழந்தை பசையையும் சாக்பீஸையும் தின்னும். வெள்ளைத் தாள் ஒட்டியது, எங்கள் வகுப்புக் குழந்தைகள் நாற்காலியில் ஏறி எட்டிப் பார்த்துக் கண்ணாடியில் முட்டிக்கொள்ளாமல் இருக்க. காலுறையைக் கழற்றிய காரணமும் தெரிந்தது. குளிர்ந்த தரையில் வெறும் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தால் சின்னவள் அரை மணி நேரம் ஓரிடத்தில் உட்காருகிறாள். வீட்டில் சளி பிடிக்குமென்று நான் அவளைத் தரையில் கால் வைக்கவே விட்டதில்லை. ஒவ்வொரு விடை கிடைக்கும்போதும் நிம்மதி வர வேண்டும் அல்லவா. எனக்கு வந்தது ஏமாற்றம். அதை நோட்டில் எழுதவில்லை.

ஒரு நாள் மதியம் கண்ணாடி வழியாக அதைப் பார்த்தேன். சின்னவள் என் டப்பாவைத் தள்ளி வைத்தாள். மேசையில் வரிசையாக இருந்த படஅட்டைகளில் துழாவி, சிவப்புக் கோடு போட்ட ஒன்றை எடுத்து சாவிக்கொத்தின் உள்ளங்கையில் வைத்தாள். ‘வேண்டாம்’ என்கிற அட்டை. அவர் தலையை ஆட்டிவிட்டு டப்பாவை எடுத்துப் போய் வெளியே கொட்டிவிட்டு வந்தார். தன் பையிலிருந்து இரண்டு துண்டு ரொட்டி எடுத்தார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் பார்க்காமல் மென்றார்கள். அன்று மாலையும் நோட்டில் அதே வரி: முழுவதும் சாப்பிட்டாள்.

‘12.50. நான் சமைத்ததைக் கொட்டினார். பொய் எழுதினார்’ என்று என் சின்ன நோட்டில் அழுத்தி எழுதினேன். இரண்டு வருடமாகத் தேடியது கையில் கிடைத்துவிட்டது. என் மகள் முதன்முதலாக ஒரு மனுஷியிடம் தனக்கு வேண்டாததை வேண்டாம் என்று சொன்னாள் என்பதை எழுதவில்லை. அந்த நேரம் தோன்றவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். தோன்றியது. எழுதவில்லை.

இனி ‘டிரைவர்’ பற்றிச் சொல்ல வேண்டும். நான் பயிற்சி எடுத்த வகுப்பில் இருந்த ஏழு வயதுப் பெண். தட்டு, மூடி, புத்தகம் என்று எது கையில் கிடைத்தாலும் ஸ்டியரிங் மாதிரி பிடித்துத் திருப்புவாள். அவளுடைய அப்பா பேருந்து ஓட்டுநர். அம்மா இல்லை. தினமும் மூன்றரைக்கு அவர் காக்கி உடுப்போடு வாசலில் நிற்பார். பெண்ணைக் கையில் வாங்கியதும் முதலில் குனிந்து கழுத்து, கை, முழங்கால் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். வண்டி எடுப்பதற்கு முன் டயரைத் தட்டிப் பார்க்கிறவர் போல. மற்ற ஆசிரியைகளுக்கு அது எரிச்சல். எனக்கு மட்டும் அவரைப் பிடிக்கும். என் ஜாதி ஆள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு புதன்கிழமை. மணி இரண்டு பத்து. வகுப்புப் பொறுப்பாசிரியை ஒரு குழந்தையைக் கழிவறைக்குக் கூட்டிப் போயிருந்தார். வெளியே சாலையைத் தோண்டும் இயந்திரத்தைத் திடீரென்று இயக்கினார்கள். டிரைவர் இரண்டு காதையும் பொத்தினாள். பிறகு எழுந்து போய் இரும்பு அலமாரியின் விளிம்பில் நெற்றியை மோதினாள். ஒரு முறை. இன்னொரு முறை. அப்படி நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். தலைக்கும் அலமாரிக்கும் நடுவில் உள்ளங்கையோ தலையணையோ வைக்க வேண்டும், பேசக்கூடாது, பின்னாலிருந்து இழுக்கக்கூடாது. பரீட்சையில் இதே கேள்விக்கு இருபதுக்குப் பதினேழு வாங்கியிருந்தேன். நான் செய்தது, ஓடிப்போய் அவளுடைய மேற்கையைப் பிடித்து இழுத்தது. “போதும் நிறுத்து,” என்று கத்தினேன். அவள் வந்துவிட்டாள். என்மேல் மோதி நின்றுவிட்டாள். அதற்குப் பிறகும் நான் கையை விடவில்லை. இழுத்தது அவளைக் காப்பாற்றத்தான். பிடித்துக்கொண்டே இருந்தது எதற்கு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இயந்திரம் நின்றது. பொறுப்பாசிரியை திரும்பி வந்தார். இரண்டரைக்கு இரண்டு வகுப்புக்கும் சேர்த்துப் பாட்டு நேரம், சாவிக்கொத்து வந்து டிரைவரைக் கையைப் பிடித்துத் தன் அறைக்குக் கூட்டிப் போனார். மூன்று மணிக்கு நோட்டுகள் என் மேசைக்கு வந்தன. பயிற்சிக்கு ஆள் இருக்கும் வகுப்பில் அவர்கள்தான் எழுத வேண்டும். பதினோரு நோட்டு, வண்டி வர இருபத்தைந்து நிமிடம். ஒருவன் வாந்தி எடுத்திருந்தான், ஒருத்தியின் கண்ணாடியைக் காணவில்லை, அதையெல்லாம் பெற்றோருக்கு விளக்கி எழுதி முடித்துக் கடைசியாக டிரைவரின் நோட்டை மூடும்போதுதான் என் கை என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தேன். ‘இன்று நன்றாக இருந்தாள்.’ பேனா கையில்தான் இருந்தது. கீழே இன்னும் மூன்று வரிக்கு இடமும் இருந்தது. மூடிவிட்டேன்.

வாசலில் அவர் குனிந்து கழுத்தைப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார், சட்டைக் கையை மேலே தூக்கினார். நான்கு கோடுகள். சிவந்து, வரிசையாக.

“இது என்ன டீச்சர்?”

என்னை அதுவரை யாரும் டீச்சர் என்று கூப்பிட்டதில்லை.

“எங்கயாவது இடிச்சிருப்பா சார்,” என்றேன்.

அவர் நோட்டைத் திறந்து படித்தார். என்னைப் பார்த்தார். நான் எத்தனையோ நாள் அதே வாசலில் நின்று இன்னொருத்தியைப் பார்த்த பார்வை. செல்போனை எடுத்து அந்தக் கையைப் படம் பிடித்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை தலைமை ஆசிரியையின் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். டிரைவரின் அப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். எதிரே சுவரோரமாகச் சாவிக்கொத்து நின்றிருந்தார், சத்தம் வராதபடி சாவிகளைக் கைக்குள் பொத்திக்கொண்டு. பாட்டு நேரத்துக்குக் குழந்தையைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனது அவர்தான் என்று எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள்.

“நீங்க நேரம் போட்டுக் குறிச்சு வைக்கிறவங்கன்னு கேள்விப்பட்டேன்,” என்றார் தலைமை ஆசிரியை. “டீச்சரப் பத்தி இதுக்கு முன்னாடி எதுவும் கவனிச்சிருக்கீங்களா? இருந்தா சொல்லுங்க. பயப்பட வேண்டாம்.”

கைப்பை என் மடியில் இருந்தது. அதற்குள் சின்ன நோட்டு. நான்கு மாதப் பதிவு, நேரத்தோடு. சாப்பாட்டைக் கொட்டியது, பொய் எழுதியது, கதவைச் சாத்தியது. ஒவ்வொன்றும் கண்ணால் பார்த்தது. அந்த நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தால் போதும். நான் ஒரு பொய்யும் சொல்ல வேண்டியிருக்காது.

அவ்வளவு சுலபமாக இருந்ததுதான் என்னைப் பயமுறுத்தியது என்று நினைக்கிறேன். பையின் ஜிப்பை விரலால் தடவிக்கொண்டிருந்தேன். சாவிக்கொத்து என்னைப் பார்க்கவே இல்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது அந்த அப்பாவை. கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. ‘கோபத்த எங்க பாத்தீங்க’ என்று யாராவது கேட்டால் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அவருடைய கீழுதட்டில் தோல் உரிந்திருந்தது, அது மட்டும் தெரிந்தது.

“பாட்டு கிளாஸ்ல ஒண்ணும் நடக்கல,” என்றேன். “அதுக்கு முன்னாடி நடந்துச்சு. நான்தான் புடிச்சேன்.”

அந்த அப்பா என் பக்கம் திரும்பினார்.

“நேத்து கேட்டேனே.”

“ஆமா சார்.”

“இடிச்சிருப்பான்னு சொன்னீங்க.”

“பொய் சொன்னேன்.”

“எப்படிப் புடிச்சீங்க?”

சொல்ல ஆரம்பித்தேன். அலமாரி, இயந்திரச் சத்தம், நெற்றி. அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். காக்கிச் சட்டையின் கையை முழங்கைக்கு மேலே சுருட்டி, கரத்தை என் பக்கம் நீட்டினார். “சொல்லாதீங்க. காட்டுங்க.”

தலைமை ஆசிரியை ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அந்தக் கையைப் பிடித்தேன். வெயிலில் கறுத்த, கனமான கை.

“இன்னும் அழுத்திப் புடிங்க. அங்க நாலு வெரலும் பதிஞ்சிருக்கு.”

அழுத்தினேன். அவர் தன் கையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவர்க் கடிகாரத்தின் சத்தம் கேட்டது. எட்டு விநாடி இருக்கும். நான்தான் முதலில் விட்டேன். அவர் சட்டைக் கையை இறக்கிப் பித்தானைப் போட்டார். “ட்யூட்டிக்கு நேரமாச்சு,” என்று எழுந்து போனார்.

பயிற்சியை நிறுத்திவைத்தார்கள். விசாரணை என்று மூன்று வாரம். கடைசியில் மறுபடியும் முதலிலிருந்து பயிற்சி செய்ய வேண்டும், படிப்பு ஆறு மாதம் தள்ளிப் போகும் என்று முடிவானது. பேராசிரியை எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. நடந்ததைப் பதிவாக எழுதிக் கொண்டுவரச் சொன்னார். இரண்டு பக்கம் எழுதிக் கொண்டு போனேன். ‘பதறிப்போன நான்’ என்பதை அடித்தார். ‘குழந்தையின் நலன் கருதி’ என்பதை அடித்தார். கடைசியில் ஏழு வரி மிஞ்சியது. ‘ஐந்து விநாடி பிடித்திருந்தேன்’ என்ற இடத்தில் பேனா நின்றது.

“அஞ்சா?”

“எட்டு இருக்கும், மேடம்.”

எட்டு என்று திருத்தினார். “இப்ப இது பதிவு,” என்றார்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன், எதற்காகப் படிக்கப் போனேன் என்பது உட்பட. வீட்டுக்காரர் வெகுநேரம் ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை விரலில் உருட்டிக்கொண்டிருந்தார். “எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்,” என்றார். பெரியவள், “இன்னும் போகப் போறியா?” என்று கேட்டாள். “போறேன்.” “யாரப் புடிக்க?” கிண்டலாகக் கேட்டாளா நிஜமாகவே கேட்டாளா என்று தெரியவில்லை.

சாவிக்கொத்தை ஒரு மாலை பள்ளி வாசலில் சந்தித்தேன். நன்றி சொல்வார் என்று ஒரு மூலையில் எதிர்பார்த்திருந்தேன். அவர் சொல்லவில்லை.

“கண்ணாடி வழியா நீங்க பாக்குறது எனக்குத் தெரியும்,” என்றார். “எக்கி நிக்கும்போது உங்க தலைமுடி தெரியும்.”

“சாப்பிட்டான்னு ஏன் டீச்சர் பொய் எழுதுனீங்க?”

“மொத வருஷம் ஒரு நாள் ‘கொஞ்சம்தான் சாப்பிட்டா’ன்னு எழுதுனேன். மறுநாள் எட்டு கேள்வி எழுதி அனுப்பிச்சீங்க. என்ன சாப்பிட்டா, எத்தனை வாய், யாரு ஊட்டுனது. எனக்குப் பதிமூணு பிள்ளைங்கம்மா. அதுக்கு மறுநாளு முழுவதும்னு எழுதுனேன். கேள்வி வரல.”

எனக்கு அந்த எட்டுக் கேள்விகள் நினைவில்லை. ஆனால் எழுதியிருப்பேன் என்பதில் சந்தேகமும் இல்லை.

“ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள், வலது கை மணிக்கட்டுல ஒரு சிவப்புத் தடம் இருந்துச்சு. வளையம் மாதிரி.”

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார் என்றுதான் தோன்றியது. “ஞாபகம் இல்ல. ஏதாவது நடந்திருந்தா சொல்லியிருப்பேன்.” சாவிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே நின்றார். “சொல்லியிருப்பேனான்னும் தெரியல,” என்றார்.

அந்தத் தடம் எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த வாரத்திலிருந்து நோட்டில் எழுதுவது மாறியது. ‘மதியம் சாப்பிடவில்லை. ரொட்டி தின்றாள். மூன்று முறை அழுதாள், காரணம் தெரியவில்லை.’ பழைய இரண்டு வரிகளைவிட இவற்றைப் படித்துவிட்டுத் தூங்குவது கடினமாக இருந்தது. பதில் கேள்வி எழுதப் பேனாவை எடுத்து, மூடி வைத்துவிடுவேன். எல்லா நாளும் அல்ல.

அடுத்த பருவத்தில் அதே பள்ளிக்கு, அதே வகுப்புக்கு அனுப்பினார்கள். டிரைவரை அவள் அப்பா வேறு பள்ளிக்கு மாற்றியிருப்பார் என்று நினைத்திருந்தேன். மாற்றவில்லை. வேறு பள்ளி கிடைக்கவில்லையோ, மாற்ற விரும்பவில்லையோ. காலையில் கொண்டுவந்து விடும்போது பெண்ணின் கையைப் பொறுப்பாசிரியையிடம்தான் கொடுப்பார். நான் பக்கத்திலேயே நின்றாலும் என்னிடம் தரமாட்டார். போகும்போது ஒரு நொடி என் கைகளைப் பார்ப்பார், முகத்தை அல்ல. மாலையில் கழுத்து, கை, முழங்கால் எல்லாம் முன்புபோலவே நடக்கும். இப்போது இன்னும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வார். நான் அவரெதிரே நின்று அது முடியும்வரை காத்திருப்பேன்.

தோண்டிய சாலையை மூடித் தார் போட்டு முடித்ததும் பள்ளியின் பக்கவாட்டுத் தெருவில் பேருந்து விட்டார்கள். எங்கள் வகுப்பு ஜன்னலை ஒட்டிய தெரு அது. ஒரு செவ்வாய்க்கிழமை பதினொன்று பத்துக்கு டிரைவர் ஜன்னலோரம் போய் நின்றாள். அவள் தோளில் லேசாகக் கைவைத்து நானும் நின்றிருந்தேன். பெரிய சிவப்புப் பேருந்து ஒன்று வந்தது. அங்கே நிறுத்தம் கிடையாது. ஆனாலும் வேகம் குறைந்தது, குறைந்து குறைந்து ஜன்னலுக்கு நேராக நின்றேவிட்டது. மேலே, கண்ணாடிக்குப் பின்னால் அவர். மகளைப் பார்க்க நிறுத்தினாரா, என்னைப் பார்க்க நிறுத்தினாரா என்று அந்த முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. கண்ணால் பார்த்ததைச் சொல்வதானால், தலை எங்கள் பக்கம் திரும்பியிருந்தது, வாய் மூடியிருந்தது.

உள்ளே இருந்த பயணிகள் எட்டிப் பார்த்தார்கள். நடத்துநர் இரண்டு முறை விசில் அடித்தார். பின்னால் ஒரு லாரி ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தது. நான் டிரைவரின் தோளிலிருந்து கையை எடுத்தேன். இரண்டு கைகளையும் ஜன்னல் கம்பிகளில், விரல்கள் வெளியே தெரியும்படி வைத்தேன். வெயில் பட்டுக் கம்பி சுட்டது. பேருந்து இன்னும் நகரவில்லை.